வண்டிக்குப் பொய்ப்பல்

உலக வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: மனிதன் தன் வண்டியின் பாயிண்ட்டைத் தன் கையாலேயே ராவிய காலம், ராவ மறந்து நாசமாய்ப் போன காலம். இதைக் கண்டுபிடித்தவர் என் பெரியப்பா. அவர் பல் டாக்டர். இந்த உண்மையை அவர் அறிவிக்கும்போதெல்லாம் எதிரே ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார் என்பதால், இதுவரை மறுப்பு எதுவும் பதிவாகவில்லை.

பாயிண்ட் என்பது வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள், மிளகை விடச் சிறிதாக இருக்கும் இரண்டு உலோகப் பொட்டுகள். அவை தொட்டு விலகும்போதெல்லாம் இன்ஜினுக்குள் ஒரு பொறி பறக்கும். நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை தொட்டு விலகினால் யாருக்கும் முகம் கருகத்தான் செய்யும். கருகினால் பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் வண்டி நிற்கும். நின்ற இடத்தில் பெரியப்பா இறங்குவார். பானெட்டைத் திறந்து, நெற்றியில் விளக்கு மாட்டி, வாய்க்குள் விடும் சின்ன வட்டக் கண்ணாடியை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விட்டு, "சொத்தை" என்பார். பிறகு பல் ராவும் அரத்தால் ராவுவார். யாரோ ஒருவருடைய எக்ஸ்ரே பிலிமை இரண்டாக மடித்து நடுவில் செருகி, பொட்டுகளுக்கு இடைவெளி வைப்பார். எங்கள் குடும்பத்தின் பயணங்கள் அனைத்தும் முன்பின் தெரியாத ஒருவரின் கடைவாய்ப்பல்லை நம்பியே நடந்து வந்தன.

வண்டி பச்சை நிறம். என்னைவிட முப்பது வயது மூத்தது. வீட்டில் அதற்கு என்னைவிட மரியாதையும் அதிகம்.

நான் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அதனால் பெரியப்பா என்னைக் 'கரண்ட்டு' என்றுதான் கூப்பிடுவார். வருடத் தொடக்கத்தில், பாயிண்ட்டுக்குப் பதிலாக மாட்டும் எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை வாங்கி, அன்பளிப்பாக அவருடைய கிளினிக்குக்கே கொண்டுபோனேன்.

"இதுல தொடறதும் இல்ல, தேயறதும் இல்ல பெரியப்பா. ஒரு காந்த வளையம், ஒரு சென்சார், ரெண்டு ஒயர். அரை மணி நேர வேலை. அப்புறம் பாயிண்ட்டுக்காக மூடியத் திறக்கவே வேண்டாம்."

"திறக்க வேண்டாம்னா எனக்கு என்னடா வேலை?"

"ஓட்டுறது."

அவர் அந்தச் சின்னக் கறுப்பு டப்பாவை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். "இது பொய்ப்பல்டா கரண்ட்டு."

"வாரத்துக்கு நாலு பேருக்கு நீங்களே மாட்டுறீங்களே."

"அவங்கவங்க வாயில மாட்டுறேன். என் வண்டியிலயா மாட்டுறேன்?"

நாற்காலியில் கிடந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். "நீங்க பேசக் கூடாது" என்றார் பெரியப்பா. கூடவே இருந்த செய்முறைத் தாளைப் பிரித்து, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி படித்தார். "'முதலில் மூடியைக் கழற்றவும்.' பாரு. மூடியக் கழட்டத் தெரியாதவனுக்குத்தான் விக்கிறான். தாளைப் படிச்சு வேலை செய்றவன் கையில நான் பல்லைக் குடுப்பேனா?"

அதை எங்கள் கெமிஸ்ட்ரி லெக்சரருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய ஜீப் அன்றிலிருந்து ஒரு முறைகூட நிற்கவில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "பாவம்" என்றார்.

பெரியம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விடுமுறை நாட்களில் கைப்பந்து நடுவர். பதினாறு வருடம் கோட்டோரம் கொடி பிடித்து நின்றவருக்கு, இந்த முறைதான் இறுதி ஆட்டத்தில் முதல் நடுவர் நிற்கும் உயர மேடை கிடைத்திருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். சங்கத்திலிருந்து வந்த கடிதத்தில் வாழ்த்து ஒரு வரி, எச்சரிக்கை நாலு வரி. இந்த ஆண்டில் ஏற்கெனவே இரு முறை தாமதமாக வந்திருக்கிறீர்கள். மீண்டும் நேர்ந்தால் நடுவர் பட்டியலில் தங்கள் பெயர் இராது.

"ரெண்டு தடவையும் நான் நேரத்துக்குத்தான் கிளம்பினேன்" என்றார் பெரியம்மா, கடிதத்தை மடித்தபடி. "லேட்டானது வண்டி. அதோட பேரு அவங்க பட்டியல்ல இல்ல."

பெரியப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானம் வரை ஒரு வெள்ளோட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். என்னையும் கூப்பிட்டார்கள். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. "தள்ளுறதுக்குடா" என்று பெரியம்மா சொன்னார்.

பாதி வழியில், சிக்னல் பச்சையானதும் வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின.

"காலையிலதான் ராவுனேன்" என்றார் பெரியப்பா ஸ்டியரிங்கிடம்.

பெரியம்மா இறங்கினார். வழக்கமாக அவர் இறங்கினால் பின்பக்கம் வந்து என்னோடு சேர்ந்து கை வைப்பார். அன்று ஓரமாக நின்றிருந்த ஒரு பஸ்ஸை நோக்கி நடந்தார். கண்டக்டரிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்காம். மைதானத்து வாசல்லயே நிக்குமாம்."

"பஸ்ஸா?"

"பஸ்தான்."

"இருபத்தாறு வருஷத்துல நான் உன்னை பஸ்ல விட்டதில்ல."

"இல்லதான். இதைத் தள்ளிக்கிட்டே போயிருக்கேன். ஒரு தடவை உக்காந்து போய்ப் பாக்கலாம்னு இருக்கு."

அதில் கோபம் இருந்திருந்தால் பெரியப்பா சமாளித்திருப்பார். இல்லை. நேரம் விசாரித்து வந்தவரின் குரல்தான் இருந்தது. அன்று பெரியப்பா கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, சொத்தை என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்த என் குடையை எடுக்கப் போனேன். கிளினிக் அவர்கள் வீட்டின் முன்னறை. நாற்காலியில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தார்.

"டாக்டர் எங்க?"

"ஊத்தி போத்தாரு. மரத்துப் போகத்தும்னாரு. போனாரு" என்று அவர் பக்கவாட்டு ஜன்னலைக் காட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே வண்டி நிற்கும் ஷெட். பானெட் திறந்திருந்தது. வெள்ளைக் கோட்டும் நெற்றி விளக்குமாகப் பெரியப்பா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். பக்கத்தில், பல் கருவிகள் அடுக்கும் ஸ்டீல் தட்டு. அதில் ஒரு புத்தம் புது அட்டைப்பெட்டி. அவர் நிமிர்ந்து போனை எடுத்தார். என் பையில் போன் அதிர்ந்தது.

"கரண்ட்டு, எங்க இருக்க?"

"காலேஜ்ல பெரியப்பா" என்றேன் மெதுவாக.

"சனிக்கிழமையா?"

"லேப்."

"சரி. இங்க ஒரு பேஷண்ட் கேக்குறாரு. அவர் வண்டியில அந்தப் பொய்ப்பல்லை மாட்டுறாராம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். சிவப்பு ஒயர் எங்க போகணுமாம்?"

"இக்னிஷன் காயில்ல பிளஸ்னு போட்டிருக்கும், அங்க. கறுப்பு மைனஸ்ல."

ஷெட்டில் அவர் குனிந்தார். ஒயரை விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"மாத்திக் குடுத்திருந்தா?"

"சாவி போட்டாரா?"

ஆணியில் தொங்கிய சாவியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் இல்ல. இல்லையாம்."

"அப்ப தப்பிச்சாரு. போட்டிருந்தா டப்பா செத்திருக்கும்."

"இதை எல்லாம் எழுதிக் குடுக்க மாட்டானுங்களா?"

"அந்தத் தாள்ல மூணாவது வரியில இருக்குமே."

அவர் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து நீவினார். விரலால் வரிகளை எண்ணினார். "இருக்கு" என்றார். பிறகு, "இருக்குன்றாரு."

"அவருக்கு என்ன பெரியப்பா திடீர்னு அவசரம்?"

"அவர் வீட்டுல ஒருத்தங்க நாளைக்கு ஒரு எடத்துக்கு நேரத்துக்குப் போகணுமாம். நீ லேப்பைப் பாரு."

போனை வைத்தார். ஒயர்களை மாற்றினார். மூடியைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். வண்டி அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி ஒரே சீராக உறுமியது. உடனே அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். கொல்லைப் பக்கத்திலிருந்து பெரியம்மா ஈரச் சட்டையோடு எட்டிப் பார்த்தார். நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டை.

"என்ன, ஒரே தடவையில எடுத்துக்கிச்சு?"

"நல்லா ராவிட்டேன்."

"ஓஹோ."

"ஆறரைக்குக் கிளம்பினா போதும்."

பெரியம்மா சட்டையை ஒரு முறை உதறினார். "ஆறுக்குக் கிளம்புவோம். நின்னுச்சுன்னா, நின்ன எடத்துல இருந்து பஸ்ஸைப் புடிச்சிக்கிறேன்."

"சரி" என்றார் பெரியப்பா.

பெரியம்மா உள்ளே போனதும் அவர் பானெட்டை மறுபடி திறந்தார். எனக்குப் பின்னால் நாற்காலிக்காரர், "மரப்பு போயிடுச்சு" என்று மிகத் தெளிவாகச் சொன்னார். நான் உதட்டில் விரல் வைத்தேன்.

பெரியப்பா அந்தத் தாளை ரேடியேட்டர் மேல் விரித்து, பறக்காமலிருக்க அரத்தை அதன்மேல் வைத்தார். முதல் வரியிலிருந்து உதடசைத்துப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, சிவப்பு ஒயர் அசையாமலிருக்க, பல் அடைக்கும் வெள்ளைப் பசையை ஒரு துளி வைத்து, பசையை இறுக வைக்கும் நீல விளக்கை அதன்மேல் பிடித்து, சத்தமில்லாமல் இருபது வரை எண்ணினார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.