வெளிச்சத்தை விட்டு வந்தவர்கள்

ஹார்லனின் கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டு ஒரு வருஷமாக வெளியே வரவில்லை. போன இலையுதிர் காலத்தில் இதே மலைப்பாதையில் எடுத்த படங்கள் அதில் கிடந்தன. அந்தப் பயணத்துக்கு அவர் மனைவி நோரீனும் வந்திருந்தாள். பிப்ரவரியில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று அவர் பயப்படவில்லை. அழுகை வந்தால் நல்லதுதான், அதுதான் வரமாட்டேன் என்றது. பயம் வேறு. மலையையும் மரத்தையும் படம் எடுப்பவர்களுக்கு மனிதர்கள் இடைஞ்சல். "நோரீன், கொஞ்சம் தள்ளிக்கோ, ஃப்ரேம்ல விழற" என்று முப்பத்தொரு வருஷம் சொல்லியிருக்கிறார். கடைசிப் பயணத்திலும் சொன்னார். அந்த முந்நூறு படங்களில் ஒன்றில்கூட அவள் இல்லை என்றால்? பார்க்காதவரை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருஷம் அவர் கிளம்புவதாக இல்லை. வருஷா வருஷம் கூடப் படம் எடுக்க வரும் தோழி லூசிண்டாதான் வாசலில் வந்து நின்றார்.

"வரலைன்னா இங்கயே நின்னு ஹாரன் அடிப்பேன். எதிர்வீட்டு நாய் உன்னை ஆயுசுக்கும் மன்னிக்காது."

மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே. ஹார்லன் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். முன் இருக்கையில் ஆரின் இருந்தார். மூவரில் மூத்தவர், எழுபத்திரண்டு வயது, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். வழியெல்லாம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக எரிந்தன. அழகாக இருக்கிறது என்று ஹார்லனுக்குத் தெரிந்தது. இன்று செவ்வாய்க்கிழமை என்று தெரிவதுபோல.

மலையடிவார ஊரான ரிட்ஜ்வேயில் அறை எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆரின் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு வழக்கம்போல் எல்லோர் கேமராவையும் வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாக அவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலை இது. பேட்டரிக்குச் சார்ஜ் போடுவார், லென்ஸைத் துடைப்பார், கார்டை அழித்துக் காலியாக்கி வைப்பார். பழைய படங்களை அவரவர் குளிர்காலத்துக்கு முன்பே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். அதனால் யாரையும் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆரின் கை நீட்டினார், ஹார்லன் கொடுத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் கணவாயின் சாலையோரத்தில் டிரைபாடை ஊன்றி நின்றார்கள். புல்லெல்லாம் உறைபனி. அவர்களைப் போல இன்னும் பத்துப்பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, சிகரத்தில் முதல் வெயில் விழுவதற்குக் காத்திருந்தார்கள்.

ஆரின் கேமராவை ஹார்லன் கையில் வைத்தார். "எல்லாம் தயார். பேட்டரி முழுசா இருக்கு, கார்டு காலியா இருக்கு. ஆயிரம் படம் எடு. ஒண்ணு எடுத்தாலும் சரி."

ஹார்லன் திரையைப் பார்த்தார். படங்கள் இல்லை என்றது அது.

உள்ளே ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது. இனி பார்க்கவேண்டிய அவசியமே இல்லை என்று மட்டும் தோன்றியது. பக்கத்தில் ஆரின் ஆசையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மனசு ஏன் நோகவேண்டும்? ஒரு படம் எடுத்துவிட்டால் முடிந்தது. விரலைப் பொத்தானில் வைத்தார்.

லூசிண்டா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அழுத்தாத."

நினைவுக் கூட்டத்துக்காக லூசிண்டா நோரீனின் படம் கேட்டபோது, எல்லாம் இன்னும் கார்டிலேயே இருக்கிறது என்று ஹார்லன் சொல்லியிருந்தார். லூசிண்டா அதை மறக்கவில்லை.

"அழிச்சாலும் படம் உடனே போயிடாது. அதுமேல புதுசா எடுத்தாத்தான் போகும். கார்டை வெளிய எடு."

ஆரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுல என்ன இருந்தது?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட ஹார்லனுக்கு மனம் இருந்தது. வாய் வரவில்லை. "போன வருஷப் படங்க."

"நோரீனா?"

"ம்."

"ஏன்டா சொல்லல?"

"ஞாபகம் வரல. இப்பல்லாம் எதுவும் வர்றதில்ல."

ஆரின் குனிந்து தன் டிரைபாடின் கால்களை மடக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ற?" என்றார் ஹார்லன்.

"கீழ மான்ட்ரோஸ் ஊர்ல கேமரா கடை இருக்கு. அழிஞ்ச படத்தை மீட்டுத் தருவாங்க. எட்டு மணிக்குத் திறப்பாங்க."

"அஞ்சே நிமிஷம் ஆரின். வெயில் வந்துடும். வருஷம் பூரா இதுக்குத்தானே காத்திருந்த?"

"இங்க நின்னாலும் இனி எனக்கு எதுவும் கண்ல படாது. நட."

பக்கத்தில் நின்றவர் ஆச்சரியப்பட்டார். "போறீங்களா? இப்பவா?"

"எங்க இடத்தை எடுத்துக்கோங்க, இங்கிருந்து நல்லாத் தெரியும்" என்றார் லூசிண்டா, சாவியைத் தேடிக்கொண்டே.

வண்டி இறங்கும்போது பின்னால் சிகரம் சிவந்தது. மூவரும் திரும்பவில்லை. துக்கப்படுகிறவனுக்குக் கடவுள் பதில் சொல்வதில்லை என்பார்கள். சில சமயம் ஆள் அனுப்பிவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆரினின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. வெகுதூரம் போனபிறகு ஹார்லன் பேசினார்.

"அதுல அவ இல்லாமயே இருக்கலாம். தள்ளிக்கோ தள்ளிக்கோன்னுதான் சொல்லிட்டிருந்தேன்."



"எங்களையுந்தான் சொன்ன" என்றார் லூசிண்டா. "நாங்க செத்தாலும் உனக்கு மரந்தான் மிஞ்சும்."

"லூசிண்டா" என்று அதட்டினார் ஆரின்.

"நிஜத்தைத்தானே சொன்னேன்."

ஹார்லனுக்குச் சிரிக்கவேண்டும் என்று தோன்றியது. முகம் ஒத்துழைக்கவில்லை.

கடையில் ஓர் இளம்பெண் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். ஒரு மணி நேரம் ஆனது. நூற்றெண்பத்தெட்டுப் படங்கள் மீண்டன, மற்றவை உடைந்துபோயிருந்தன.

"நீ பாரு" என்று ஆரினிடம் சொல்லிவிட்டு, ஹார்லன் சுவரில் தொங்கிய கேமரா வார்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

ஆரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மரம். மரம். ஏரி. மரம். மரம்." நூறைத் தாண்டியும் மரம்தான். அவர் குரல் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு நின்றது.

"ஹார்லன்."

"இருக்காளா?"

"இடது ஓரத்துல. பாதி உடம்புதான். தள்ளிப் போயிட்டிருந்திருக்கா, நீ அதுக்குள்ள அழுத்திட்ட."

ஹார்லன் எழுந்து வந்தார். கையில் காபிக் குடுவையோடு நோரீன் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"என்னவோ சொல்றாளே, என்னது?" என்றார் லூசிண்டா.

வெகுநேரம் பார்த்தார் ஹார்லன். "தெரியல."

கடைப்பெண் எட்டிப் பார்த்தாள். "நல்ல படம் சார். ஓரத்துல யாரோ விழுந்திருக்காங்க. எடுத்துடவா?"

"வேண்டாம்மா" என்றார்கள் மூவரும்.

அழுகை வரவில்லை. ஆரின் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார், ஹார்லன் அதில் உட்கார்ந்தார்.

"சாயங்கால வெளிச்சம் பிடிக்க மலைக்குப் போலாமா?" என்றார் லூசிண்டா.

"நீங்க போங்க. நான் மிச்சத்தைப் பாக்கறேன்."

யாரும் போகவில்லை. லூசிண்டா தரையிலேயே சம்மணம் போட்டார்.

"அடுத்தது போடு" என்றார் ஹார்லன்.

ஆரின் அழுத்தினார். "மரம்."

"சரி. அடுத்தது."