கடித்துப் பார்த்துக் கொடுத்த எலி

அட்டைப்பெட்டி ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் செய்யப்பட்ட பேரிக்காய் எலி ஒன்று பதினோரு நாள் உயிரோடு இருந்தது. அந்த வாரம் காரட் மலிவு, வெள்ளரி லேசாகக் கசந்தது, மின்சாரம் இரண்டு முறை போனது. புதன்கிழமைதோறும் அங்கே பிள்ளைகளே பழமும் காயும் நறுக்கி, வாழைப்பழப் படகோ வெள்ளரிக்காய் ரயிலோ செய்து தின்பது வழக்கம். அன்று எலி. பேரிக்காயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தால் உடம்பும் மூக்கும் தயார். உலர்திராட்சையில் இரண்டு கண், காரட் வில்லையில் இரண்டு காது, வெள்ளரித் தோலில் வால். பதின்மூன்று பிள்ளைகள் பதின்மூன்று எலி செய்தார்கள். பன்னிரண்டு எலிகள் பத்து நிமிஷத்தில் காலி. அவற்றுக்கும் உயிர் வந்திருக்குமா என்று கேட்டால் சொல்வதற்கில்லை, அதற்கெல்லாம் அவகாசமே கொடுக்கப்படவில்லை.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாளைப் பிள்ளைகள் சோப்பு ஆன்ட்டி என்றார்கள். முன்பு ஆஸ்பத்திரியில் அறுவை அறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர். கை கழுவாத குழந்தை அவர் வாசலைத் தாண்டியதில்லை. ஒரு தடவை ஆலை மேனேஜரையே திருப்பி அனுப்பிக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: ‘எச்சில் பண்ணக் கூடாது.’ ஒருவர் கடித்ததை இன்னொருவருக்குக் கொடுத்தால் அந்தத் தட்டு அப்படியே குப்பைக்குப் போகும். நல்ல மனுஷி. நல்லவர்களின் பிடிவாதத்தைத்தான் யாராலும் அசைக்க முடிவதில்லை.

தின்னப்படாத பதின்மூன்றாவது எலி பஞ்சு செய்தது. நாலு வயதுப் பெண். தூக்கினால் கையில் எதுவும் இருப்பதாகவே தோன்றாது, அதனால் அந்தப் பெயர். ஆலையின் வேன் ஓட்டுநருடைய மகள். போன மழைக்காலத்தில் அவள் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, பாலைத் தவிர எதையும் அவள் தொடவில்லை. கெஞ்சியும் பார்த்தார்கள், கொஞ்சியும் பார்த்தார்கள். வாயைத் திறக்காமல், எதிரில் இருப்பவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு வாரத்துக்குள் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அவள் அப்பா வேனை மூன்றாம் கியருக்கு மேல் ஓட்டவில்லை.

அன்று சாயங்காலம் மேசையைத் துடைக்க வந்த சோப்பு ஆன்ட்டி, எலி தட்டின் ஓரத்துக்கு நடந்து போயிருப்பதைக் கண்டார். முதலில் அதற்கு முளைத்திருந்த காலைத் துடைத்துவிட்டார், பிறகுதான் ஆச்சரியப்பட்டார். மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு காரட்டை நீட்டினார்கள். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பப்பாளி, ஆப்பிள், சுரண்டிய பீட்ரூட், எதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் அதன் தோல் சுருங்க ஆரம்பித்தது. பஞ்சு அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு காரட் துண்டை எடுத்து, ஓரத்தில் கடித்து, மென்று விழுங்கிவிட்டு, மிச்சத்தை அதனிடம் நீட்டினாள்.

“சூடு இல்ல. நல்லாருக்கு. சாப்பிடு.”

அவள் கடித்த பக்கத்திலிருந்தே எலி கொறித்தது. எச்சில் என்று கத்தத் திறந்த சோப்பு ஆன்ட்டியின் வாய் திறந்தபடியே நின்றது. மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த அப்பா, குழாயை மூடாமலே உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“இது இவ அம்மா பேச்சு ஆன்ட்டி,” என்றார். “இப்படித்தான் சொல்லுவா. ஃபோன்ல பின்னாடி கேக்கும். கடிச்சுப் பாத்துட்டுத்தான் ஊட்டியிருக்கான்னு எனக்குத் தெரியாது. பொண்ணு சாப்பிடுற நேரத்துக்கு நான் வீட்டுல இருந்ததே இல்ல.”

பாலைக் கடிக்க முடியாது. அதனால்தான் பாலை மட்டும் குடித்திருக்கிறாள். ஒரு வருஷமாகத் தன் முன்னால் கை நீட்டியவர்களில் யார் முதலில் கடித்துப் பார்ப்பார்கள் என்று அந்தக் குழந்தை காத்திருந்திருக்கிறது. அந்த ஒன்றைத்தான் சுவரில் தாள் ஒட்டித் தடுத்து வைத்திருந்தார்கள். சோப்பு ஆன்ட்டி பப்பாளித் தட்டைக் கொண்டுவந்து அப்பா மடியில் வைத்தார். அவர் ஒரு துண்டைக் கடித்தார். மிச்சத்தை நீட்டினார், பஞ்சு வாயைத் திறந்தாள். பின்னால் தாள் கிழியும் சத்தம் கேட்டது.

மூக்குக் குழாய்க்குத் தேவை வரவில்லை. எடை பார்த்த டாக்டர் இயந்திரம் பழுதோ என்று தானும் ஒரு தடவை ஏறிப் பார்த்தார். எலி பதினோராம் நாள் பழுத்துக் கனிந்து நடக்க முடியாமல் போனது. பிள்ளைகள் அதைக் கொல்லைக் குழாயடியில் படுக்க வைத்து மண்ணைப் போர்த்தினார்கள்; எல்லோரும் கை கழுவிக்கொண்டார்கள். அங்கே ஒரு கன்று முளைத்தது. எட்டாம் வருஷம் காய்த்தது. ஒவ்வொரு பேரிக்காயின் ஓரத்திலும், கிளையில் இருக்கும்போதே, பொடிப் பல்லால் ஒரு கடி கடித்திருந்தது. பழக்கடைக்காரர் வேண்டாம் என்றார், அதுவும் நல்லதாயிற்று. எங்கே எந்தக் குழந்தை சாப்பிட அடம் பிடித்தாலும் அங்கே ஒரு பை போகும். கொண்டுபோய்க் கொடுப்பது பஞ்சுவின் அப்பா ஓட்டும் வேன்தான். போகிற வீட்டிலெல்லாம் அந்த மனிதருக்கு நன்றி சொல்வார்கள். அவர், எலிக்குச் சொல்லுங்கள் என்பார்.

போன மாதம் சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்தார். எல்லாம் பளபளவென்று இருந்தது, கூடையிலிருந்த பழங்களைத் தவிர. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எச்சில் இல்லையா என்று கேட்டார். தலை நரைத்துப்போன சோப்பு ஆன்ட்டி சோப்பை அவர் கையில் கொடுத்தார்.

“எச்சில் இல்ல சார். நல்லாருக்கான்னு பாத்துக் குடுத்திருக்கு. கைய கழுவிட்டுச் சாப்பிடுங்க.”

அதிகாரி கை கழுவிக்கொண்டு வந்து, கடித்திருந்த பக்கத்திலிருந்தே தின்றார். பிறகு, பழங்கள் நல்ல நிலையில் உள்ளன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.