நான்கெல்லை எழுதாத ஃபில்டர்

பானெட்டைத் திறந்து வைத்தால் கார்த்திகேசனின் கார் புலி. மூடினால் சினைமாடு. இது ஏன் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

மேலப்பாளையத்தில் உமர் பாரூக்கின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எதிர்க் கறிக்கடையில் கட்டியிருக்கும் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அப்படி ஓர் உறுமல். பானெட்டை மூடி ரோட்டில் இறக்கினால் முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போகும். பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். மிதித்த மிதிக்குச் சத்தம் வரும், வேகம் வராது.

பானெட் என்பது ஒரு தகர மூடி. அதில் வயர் ஓடவில்லை, பெட்ரோல் ஓடவில்லை. அது திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன? இன்ஜினுக்கு எப்படித் தெரிகிறது?

கொக்கிரகுளத்தில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற உத்தியோகம் கார்த்திகேசனுக்கு. கார், 1995இல் கல்யாணத்தின்போது மாமனார் சிவசண்முகம் வாங்கிக் கொடுத்த வெள்ளை எஸ்டீம். ஆயிரத்து முந்நூறு சிசி. பாளையங்கோட்டையில் அன்றைக்கு அதைவிட வேகமான வண்டி விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பிறத்தியார் வாங்கிக் கொடுத்த பொருளில் தன் கையெழுத்து ஒன்று இருக்க வேண்டும் என்று சில ஆண்களுக்குத் தோன்றிவிடும். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த கார்த்திகேசன், கம்பெனிக்காரன் மாட்டியிருந்த கறுப்பு ஏர்கிளீனர் பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு காற்று ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கூம்பு, தலையில் வெள்ளிப் பளபளப்பு. அது வந்த அட்டைப்பெட்டியில் பனிமலைப் படம் போட்டு, குளிர்ந்த காற்று தரும் என்று அச்சடித்திருந்தது. கார்த்திகேசன் படித்த அளவில் நம்பினார்.

மாட்டுவதற்கு முன்னால் முறைப்படி வரைபடமும் போட்டார். டிரேசிங் தாளில், மூன்று வண்ண மையில். கூம்பு சிவப்பு, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் கறுப்பு, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்கு நீல அம்புகள். லேமினேட் செய்து வீட்டு அலமாரியில் ஒட்டினார். விஜயஸ்ரீ அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாண போட்டோவுக்குக்கூட நீங்க கண்ணாடி போடல" என்றாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவள். பிழை திருத்திப் பழகிய நாக்கு.

சித்திரை அமாவாசைக்கு மாமா, அத்தை, விஜயஸ்ரீ மூவரையும் ஏற்றிக்கொண்டு பாபநாசம் போனார். குளித்து, கோயில் முடித்து, அணையைப் பார்க்க மலைப்பாதையில் ஏறும்போது வண்டி திணறியது. மூன்றாவது கியர் தாங்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கினார். அதுவும் போதாமல் முனகியது. மூன்றாவது வளைவில் பின்னாலிருந்து காரையார் பஸ் ஹாரன் அடித்தது. நாலாவது வளைவில் முந்திப் போனது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து யாரோ கைதட்டினார்கள்.

சிவசண்முகம் அம்பாசமுத்திரத்தில் வக்கீல். குரலை உயர்த்தாமலே தோலை உரிப்பவர்.

"மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு மரியாதைக்கு வழி விட்டியளா, இல்ல அதுவா எடுத்துக்கிட்டுதா?"

"வெயில் கூடுதல் மாமா, அதான்…"

"போன வருசமும் சித்திரையில வெயில்தான் அடிச்சுது. நல்லாத்தான் ஏறிச்சு." மேலே போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார். "சரி. வைகாசி அமாவாசைக்கு இதே நாலு பேரும் இதே ரோட்டுல வருவோம். ஏறிச்சுன்னா வண்டி உங்களுக்கு. ஏறலைன்னா சாவிய நடராஜ்கிட்ட குடுத்திருங்க. அவன் எதையும் கழட்ட மாட்டான். அவ்வளவு சோம்பேறி."

நடராஜ் விஜயஸ்ரீயின் தம்பி. அவன் அந்த வண்டியில் பாளையங்கோட்டைப் பக்கம் வருவதையும், தான் பழைய ஸ்கூட்டரில் ஓரமாக ஒதுங்கி நிற்பதையும் கார்த்திகேசன் நினைத்துப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே வண்டியை மேலப்பாளையத்துக்கு விட்டார்.

முதலில் பழி கார்புரேட்டர்மேல் விழுந்தது. உமர் பாரூக் அதில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றினான், மறுபடி மாற்றினான், ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். பானெட் திறந்திருந்தவரை எல்லாமே வெற்றி.

"அண்ணாச்சி, சொன்னா கோவப்படாதிய. இந்தச் செவப்புக் கூம்பக் கழட்டிப் போட்டுட்டு கம்பெனிப் பெட்டி ஒண்ணு புதுசா வாங்கி மாட்டிருவோம்."

"அதுக்கு நான் தோத்துட்டேன்னு மாமாவுக்கு லெட்டரே போட்டுரலாமே வே."

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்க. நீங்கதான படம் போடுத ஆளு."

படம் போடும் ஆள் படம் போட்டார். குளிர்ந்த காற்று வேண்டும், அவ்வளவுதானே? கோடையில் பெரிய வீடுகளில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிப்பார்கள். உள்ளே வரும் காற்று சில்லென்று இருக்கும். அதையே கூம்பைச் சுற்றிக் கட்டினார். தட்டி காயாமல் இருக்க, பானெட்டுக்குள் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். வண்டி புறப்பட்டபோது முருகன்குறிச்சி முழுக்க மணத்தது. வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் தட்டி காற்றை மறித்தது, தண்ணீர் ஃபில்டரை நனைத்தது, வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

இழுத்துக்கொண்டு போக வந்த உமர் பாரூக் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். குளுக்கோஸ் பாட்டிலை விரலால் சுண்டினான்.

"வண்டிய வார்டுல சேத்துட்டியளா அண்ணாச்சி? ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்திருப்பனே."

அடுத்து தேங்காய் மட்டை. பானெட்டை முழுக்க மூடாமல், ஒரு மட்டைத் துண்டை இடையில் செருகிக் கயிற்றால் கட்டி ஓட்டிப் பார்த்தார். ஆச்சரியம், வண்டி நன்றாக ஓடியது! ஆனால் அந்தக் கோலத்தில் விஜயஸ்ரீ ஏற மறுத்துவிட்டாள். "வாயப் பொளந்துக்கிட்டுப் போற வண்டியில நான் வர மாட்டேன். காத்துல மூடி பிச்சுக்கிட்டு கண்ணாடியில அடிச்சா யாரு பாக்கது?" அது நியாயம்தான். அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

விடை அலுவலகத்தில் கிடைத்தது. சேரன்மகாதேவிப் பக்கத்து வயல் ஒன்றின் வரைபடம் மேசைக்கு வந்தது. வயலை அளந்து அழகாகப் போட்டிருந்தார்கள், ஆனால் நான்கெல்லை எழுதவில்லை. கிழக்கே யார் நிலம், மேற்கே என்ன வாய்க்கால் என்று ஒரு வரி இல்லை. கார்த்திகேசனுக்குக் கோபம் வந்தது. "நாலு பக்கமும் என்ன இருக்குன்னு எழுதாம இந்த வயல் எங்க இருக்கு, ஆகாசத்துலயா?" என்று கேட்டு, சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அந்த மை காய்வதற்குள் வீட்டு அலமாரியில் ஒட்டிய படம் அவர் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் போய் நின்றார். மூன்று வண்ணக் கூம்பு, லேமினேஷனுக்குள் ஆகாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீல அம்புகள் வெள்ளைத் தாளிலிருந்து புறப்பட்டு வந்தன. வெள்ளைத் தாளில் காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

வெளியே போய் பானெட்டைத் திறந்து, ஒரு பழைய கவரின் பின்பக்கம் எழுதினார். முன்னால்: ரேடியேட்டர், அதன் சூட்டையெல்லாம் பின்பக்கம் தள்ளுகிற விசிறி. பின்னால்: வெந்துகொண்டிருக்கும் இன்ஜின். ஒரு பக்கம்: புகை போகிற இரும்புக் குழாய். இன்னொரு பக்கம்: பேட்டரி. வயலுக்கு நான்கெல்லை போதும். இதற்கு ஐந்தாவதும் தேவைப்பட்டது. மேலே: மூடிய பானெட்.

அந்த மூடி ஒன்றும் செய்யவில்லை. சூட்டை வெளியே விடவில்லை, அவ்வளவே. திறந்திருந்தால் சூடு மேலே போய்விடும், கூம்பு புதுக் காற்றை இழுக்கும். மூடினால் உள்ளே அடுப்பு. முதல் பத்து நிமிஷம் அடுப்பு பற்றுகிற நேரம்.

இது ஊகம். ஊகத்தை அளக்க வேண்டும். வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரைக் கூம்புக்குப் பக்கத்தில் கட்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பாதரசம் நூற்றெட்டு ஃபாரன்ஹீட்டைத் தாண்ட இடமில்லாமல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போயிருந்தது.

"காருக்குக் காய்ச்சல் பாத்தியளா?" என்றாள் விஜயஸ்ரீ. மறுநாள் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து நீளத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "இது நூத்திப்பத்து டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும். உடைச்சியன்னா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நீங்களே வந்து பேசுங்க."

சேரன்மகாதேவி வரை போய்த் திரும்பி, நிறுத்திய வேகத்தில் திறந்து பார்த்தார். மர நிழலில் முப்பத்தொன்பது. கூம்பின் பக்கத்தில் எழுபத்தாறு.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் காரையார் பஸ் புகுந்து போயிருக்கிறது. இன்ஜின் காற்றை எடை போட்டு வாங்காது, படியால் அளந்து வாங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு படி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் பார்வைக்கு ஒரே அளவு. வயிறு நிறைவது ஒன்றில்தான். குளிர்ந்த காற்று அரிசி மாதிரி நெருங்கி இருக்கும். சூடான காற்று பொரி மாதிரி உப்பி இருக்கும். பெட்ரோல் எரியத் தேவையான பிராணவாயு அதே படியில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது அந்த ஒரு பங்குதான் மூன்றாவது கியர்.

உமர் பாரூக் கவரை வாங்கிப் படித்தான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? பழைய பெட்டிக்கு ஒரு கறுப்பு மூக்கு நீட்டிக்கிட்டு இருந்துச்சுல்லா?"

"ஆமா. அசிங்கமா."

"அந்த மூக்கு எங்க போச்சு?"

கார்த்திகேசன் யோசித்தார். அது ரேடியேட்டரின் ஓரத்தைத் தாண்டி, முன்பக்கத்து வெளிக்காற்றுக்குப் போயிருந்தது. கவரை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். உமர் பாரூக் அரைமணி நேரம் தன் மூக்கைத் தடவிக்கொண்டே வேலை பார்த்தான்.

இனி வேலை சுலபமாக இருந்தது. சூட்டைத் தடுக்கக் கூம்பைச் சுற்றி ஒரு பெட்டி வேண்டும், வெளிக்காற்றை வரவழைக்க ஒரு குழாய் வேண்டும். குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. பம்பருக்குக் கீழே காற்று நிறைய என்றார் கார்த்திகேசன்.

"கீழ வச்சா மழைத் தண்ணியில இறங்குத அன்னைக்குக் காத்துக்குப் பதிலா தண்ணியக் குடிக்கும். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. பிஸ்டனத் தள்ளுத கனெக்டிங் ராடு வளைஞ்சு போவும். பொறவு நடராஜுகூட வேண்டாம்பாரு."

ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் என்று முடிவானது. உயரம், நிழல், எதிர்க்காற்று மூன்றும் அங்கே இருந்தன. குழாய்க்குக் கார்த்திகேசன் பளபளப்பான மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். உமர் பாரூக் அதன் ஒரு முனையை உள்ளங்கையால் பொத்தி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். குழாய் தட்டையாக ஒட்டிக்கொண்டது.

"நான் இழுத்ததுக்கே இப்படி. இன்ஜின் நிமிசத்துக்கு ரெண்டாயிரம் லிட்டருக்கு மேல இழுக்கும். வயல்ல பம்ப்செட்டுக்குப் போடுத குழாய் வேணும் அண்ணாச்சி, உள்ள கம்பிச்சுருள் ஓடுமே, அது. எவ்வளவு இழுத்தாலும் ஒடுங்காது."

பெட்டிக்கு, பதினைந்து கிலோ கடலெண்ணெய் டின்னை வெட்டினார்கள். மேல் விளிம்பில் பஸ் ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் ரப்பரைச் சுற்றினார்கள். பானெட்டை மூடினால் அது அழுந்தி இடைவெளியை அடைத்துவிடும். அடியில் மழைநீர் வடியச் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஓர் ஓட்டை. சிங்கப்பூர்க் கூம்பு அதற்குள் போய் உட்கார்ந்தபோது, அதன் வெள்ளித் தலை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. வெளியே தெரிந்தது நிலக்கடலைப் படம்.

"படம் உள்பக்கம் வர மாதிரி திருப்பக் கூடாதா வே?"

"ரிவெட் ஆணி அடிச்சாச்சு அண்ணாச்சி."

மறுபடி சேரன்மகாதேவி வரை ஓட்டினார். வெளியே முப்பத்தெட்டு. பெட்டிக்குள் நாற்பத்தொன்று. புலி உறுமல் பாதியாகக் குறைந்திருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

வைகாசி அமாவாசையன்று வெயில் யாருக்கும் சலுகை காட்டவில்லை. அதே நாலு பேர், அதே பாதை. முதல் வளைவு தாண்டியது. மூன்றாவது வளைவில் கார்த்திகேசனின் கை தானாகவே கியர் கம்பிக்குப் போய், அங்கேயே நின்றது, இறக்கத் தேவைப்படவில்லை. காரையார் பஸ் பின்னால் தெரிந்தது, பிறகு வளைவுக்குப் பின்னால் மறைந்தது, பிறகு தெரியவே இல்லை. சிவசண்முகம் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்ப்பதுபோலப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அணையில் இறங்கியதும், "பானெட்டத் திறங்க" என்றார். கார்த்திகேசன் திறந்தார். வக்கீல் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மகளைப் பார்த்தார். அவள் அணைத் தண்ணீரை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு கேக்கேன். நான் வாங்கிக் குடுத்த கார்ல கடலெண்ணெய் டின் எதுக்கு?"

வழக்கமாக இந்தக் கேள்விக்குக் கார்த்திகேசனிடம் அரைமணி நேரப் பதில் இருக்கும், வரைபடத்தோடு. இந்தத் தடவை சுருக்கமாகச் சொன்னார்.

"போன தடவ இன்ஜின் ரேடியேட்டர் சூட்டையே திரும்பக் குடிச்சுது மாமா, அதான் ஏறல. இப்ப ஃபில்டரச் சுத்தித் தகரப் பெட்டி போட்டு, மேல ரப்பர் வச்சு பானெட்டோட அடைச்சாச்சு; இன்ஜின் சூடு அதுக்குள்ள போகாது. ரேடியேட்டருக்கு முன்னால, ஹெட்லைட் பக்கத்துல இருந்து கம்பிச்சுருள் குழாய் வழியா வெளிக்காத்து மட்டும் வருது."