மஞ்சள் உள்ளங்கை

என் மனைவி மீனம்பாளுக்கு யாரிடமும் தோற்றுப் பழக்கமில்லை. என்னிடம் தோற்றதே இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கிற ஷேர் ஆட்டோக்களில் பெண் ஓட்டுவது அவளுடையது ஒன்றுதான். நான் வேலை பார்க்கும் உரக்கடை எதிரிலேயே இருப்பதால், அவள் ஆட்சியைத் தினமும் கண்ணால் பார்க்கும் பாக்கியம் எனக்கு உண்டு.

அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம். பஸ் வளைவில் திரும்பும்போதே அதன் போர்டை முதலில் படித்துச் சொல்கிறவருக்குத்தான் அதில் வந்து இறங்குகிற சவாரி. தப்பாகச் சொன்னால் அடுத்த பஸ்ஸுக்கு வாய் திறக்கக் கூடாது. இதில் மீனம்பாளை மிஞ்ச ஆளில்லை. ஸ்டாண்டின் மூத்தவர் துரைக்கண்ணு பீடியை வாயிலிருந்து எடுப்பதற்குள் இவள் ஊர்ப்பெயரைச் சொல்லி வண்டியையும் கிளப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் போன ஆடி மாதம் திருவண்ணாமலை பஸ்ஸைப் பார்த்து "திண்டிவனம்" என்றாள். ஸ்டாண்டே சிரித்தது. மறுநாளும் தப்பு. அன்று வீட்டுக்கு வந்தவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எழுத்தெல்லாம் பொகை மாதிரி தெரியுது. எதுத்தாப்ல லைட் போட்டு வந்தா ஒண்ணுமே தெரியல" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மீனா."

"போனா கண்ணுல கத்தி வெப்பான். நான் வரல."

தைப் பொங்கலோடு அவள் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கண் நன்றாக இருக்கிறதென்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் ஆட்டோவை விற்க வேண்டியதுதான். வல்லம் பக்கம் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போய் எவனெவனோ அதட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளை நிமிர வைத்தது அந்த ஆட்டோ. அது போய்விட்டால் அவள் மறுபடி அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து அவள் தம்பி அன்புச்செல்வன் வந்தான். மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். மாத்திரையை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

"இதுல லூட்டின் இருக்குதுக்கா. செண்டுமல்லிப் பூவுலருந்து எடுக்குறது. கேரட்டுல இருக்குற பீட்டா கரோட்டினும் இருக்குது. கண்ணுக்கு நல்லது. தெனம் ஒண்ணு போடு" என்று ஒரு டப்பாவை நீட்டினான்.

ஒன்று போட்டால் நல்லது என்றால் மூன்று போட்டால் மூன்று மடங்கு நல்லது. இது மீனம்பாளின் கணக்கு. காலை, மதியம், இரவு என்று விழுங்கினாள். கூடவே விடிந்ததும் கேரட் ஜூஸ், பொழுது சாய்ந்தால் பப்பாளி. டப்பா தீர்ந்தால் தம்பி அடுத்த டப்பா கொண்டுவந்தான். கண் மட்டும் அப்படியே இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் துரைக்கண்ணுவிடமிருந்து டீ கிளாஸை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கிளாஸைக் கொடுக்கவில்லை.

"இன்னாம்மா மீனா, உள்ளங்கை இப்டி மஞ்சளா இருக்குது. காமாலை வந்துருக்குதும்மா."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் வண்டியில் ஏறியவர்கள் பக்கத்து வண்டிக்கு மாறினார்கள். குணமாகும்வரை வீட்டில் இரு என்று ஸ்டாண்டில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் காமாலைக்கு டாக்டரிடம் போகிற பழக்கம் கிடையாது. ஊசி போட்டால் ஆளே போய்விடும் என்பார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய், மீன் எதுவும் ஆகாது. நான் வாய்க்கால் ஓரமெல்லாம் குனிந்து கீழாநெல்லி பறித்தேன். அவள் சாப்பிடாததை நான் மட்டும் சாப்பிட முடியுமா. எனக்கும் உப்பில்லாக் கஞ்சிதான்.

மஞ்சள் குறையவில்லை. குறையாததால் உடம்புக்குச் சத்து வேண்டுமென்று அவள் இன்னும் ஒரு கேரட் சேர்த்துக்கொண்டாள். கண் மாத்திரையையும் விடவில்லை. மஞ்சள் இன்னும் ஏறியது. நாங்கள் இன்னும் கீழாநெல்லி அரைத்தோம். இப்படியே கார்த்திகை பிறந்துவிட்டது.

பொங்கல் நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். "சும்மா காட்டிட்டு வந்துடலாம், கத்தியெல்லாம் அங்க கெடையாது" என்று கெஞ்சி அழைத்துப் போனேன். அங்கே சுவாதி என்ற இளம் டாக்டர் இருந்தார். மீனம்பாள் உட்காரும் முன்பே, "எனக்குக் காமாலைம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

டாக்டர் தள்ளிப் போகவில்லை. கிட்டே வந்து அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"யாரும்மா சொன்னது காமாலைன்னு?"

"ஊரே சொல்லுது."

"காமாலைன்னா முதல்ல கண்ணுதான் மஞ்சளாகும். உங்க வெள்ளைவிழி பளிச்சுன்னு இருக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

மீனம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

"கேரட்டுல இருக்குற நிறம்தான் தோல்ல தங்கியிருக்கு. மாத்திரையை நிறுத்துங்க, கேரட்டையும் பப்பாளியையும் குறைங்க. தானா போயிடும். எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தரேன்."

"அப்ப மாத்திரை பொய்யா?"

"பொய் இல்லம்மா. விழித்திரைல வர ஒரு நோய்க்கு, டாக்டர் பார்த்துச் சொன்னா, இந்த மாதிரி சத்து மாத்திரை கொஞ்சம் உதவும். உங்களுக்கு வந்திருக்கறது கண்புரை. உள்ள இருக்குற லென்ஸ் மங்கிப் போச்சு. அதை எந்த மாத்திரையும் கரைக்காது. ஆபரேஷன்தான்."

மீனம்பாள் என்னைக் காட்டினாள். "மிச்சம் இருக்குறத இவருக்குக் குடுத்துடட்டா? இவரு பீடி புடிப்பாரு, ஒடம்புல சத்தே இல்ல."

"கண்டிப்பா வேண்டாம். பீட்டா கரோட்டின் மாத்திரை புகை பிடிக்கிறவங்க நுரையீரலுக்கு ஆபத்து. அவரைப் பீடியை விடச் சொல்லுங்க."

நான் கூரையைப் பார்த்தேன்.

வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அது பயமில்லை. கோபம்.

"எத்தினி பேரு என் கையப் புடிச்சிப் புடிச்சிப் பாத்தாங்க. ஒருத்தராவது என் கண்ணப் பாத்தாங்களா? நீங்க பாத்தீங்களா?"

கண்ணுக்காகத்தானே இத்தனையும் தின்றாள். அந்தக் கண்ணை நானும் பார்க்கவில்லை.

"உப்பில்லாத கஞ்சியே குடிச்சாச்சு. இனிமே கத்தி இன்னா பண்ணிடும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போய் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாள். கோபம் வந்துவிட்டால் அவளுக்குப் பயம் மறந்துபோகும்.

ரத்தத்தில் காமாலை இல்லை என்று வந்தது. முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. கட்டைப் பிரித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாங்க, இவ்ளோ நரைச்சிட்டீங்க" என்றாள். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்ல நாள் பிடித்ததால் பொங்கல் தாண்டிவிட்டது. மாசியில்தான் லைசென்ஸுக்கான கண் சோதனைக்குப் போனாள். கடைசி வரிவரை படித்துவிட்டு, "இன்னும் சின்ன எழுத்து இருக்குதா?" என்று கேட்டாளாம். லைசென்ஸ் கைக்கு வந்தது. உள்ளங்கையும் பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் நான் உரக்கடை வாசலிலேயே நின்றுகொண்டேன். மீனம்பாள் ஆட்டோவை வரிசையில் போட்டுவிட்டு இறங்கினாள். வளைவில் ஒரு பஸ் திரும்பியது.

"திண்டிவனம்" என்றார் துரைக்கண்ணு முந்திக்கொண்டு.

"சேத்துப்பட்டு" என்றாள் மீனம்பாள். "முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டியிருக்குது. ஒண்ணு அழுவிப் போச்சு."

பஸ் வந்து நின்றது. சேத்துப்பட்டு பஸ்தான். ஒருவன் முன்னால் ஓடிப்போய் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பமே அவள் வண்டியில் ஏறியது. ஸ்டாண்டில் விசில் பறந்தது. நானும் அடித்தேன், முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் மட்டும் வண்டியைக் கிளப்பவில்லை. துரைக்கண்ணுவிடம் போய், அவர் கையைப் பார்க்காமல், கண்ணைப் பார்த்தாள். நன்றாகக் குனிந்து, டாக்டர் பார்த்த மாதிரியே இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எத்தினி நாளாண்ணே எழுத்து தெரியல?"

அவர் பீடியைக் கீழே போட்டார். "தீபாவளிக்கு முன்னாடிலருந்தும்மா. யாருகிட்டயும் சொல்லாத."

"ஞாயித்துக்கெழம கேம்ப் இருக்குது. நானே கூட்டினு போறேன். அதுக்குள்ள எந்த மாத்திரையாவது வாங்கி முழுங்கின, அப்புறம் உப்பில்லாத கஞ்சிதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டே பார்க்க, துரைக்கண்ணு தன் வண்டியை ஓரமாகப் பூட்டி நிறுத்திவிட்டு, மீனம்பாள் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.