இரண்டு பேருக்கான அடுப்பு

அடுப்பு வாங்கப் போவதற்கு யாரும் மடிப்புக் கலையாத சேலையை எடுத்துக் கட்டுவதில்லை. ஞானசௌந்தரி கட்டினாள். கல்யாணத்துக்கு எடுத்ததில் இன்னும் ஒரு தடவைகூட உடுத்தாமல் பெட்டியில் கிடந்த ஊதாச் சேலை அது. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்கிய வில்பிரட், வாசலில் நின்றவளைப் பார்த்து, யார் வீட்டுக்காவது போகிறோமா என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே சைக்கிளின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. அவள் சமைத்ததை அவள் புருஷன் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. வில்பிரட்டின் அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, சேலையூரில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டி, அவனை ஆளாக்கினவள். அவளைக் கொடுமைக்காரி என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மருமகளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. காய் நறுக்கலாம், மாவு அரைக்கலாம், அரிசி களையலாம். அடுப்பைப் பற்ற வைப்பதும் தாளிப்பதும் மகனுக்குப் பரிமாறுவதும் மட்டும் மாமியாருடைய வேலை. சௌந்தரி எட்டிப் பார்த்தால், "நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்பாள். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

போன வாரம் மாமியார் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்ப நேரமாகிவிட்டது. கிடைத்த சந்தர்ப்பத்தில் சௌந்தரி வஞ்சிரம் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். தெருமுனைவரை மணத்தது. மாமியார் வந்தாள், மூடியைத் திறந்து பார்த்தாள், நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று வாயாரச் சொன்னாள். பிறகு அதை அப்படியே பாத்திரம் துலக்க வரும் முனியம்மாவின் தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மகனுக்கு இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, ரசம் வைத்தாள். வில்பிரட் வந்து உட்கார்ந்தபோது வீடு முழுக்க மீன் வாசனை. அவன் தலையைக் குனிந்துகொண்டு முட்டையைச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை அவன் செருப்பை மாட்டும்போது சௌந்தரி பக்கத்தில் போய் நின்றாள். "எனக்கு ஒரு அடுப்பு தனியா வேணும்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"சரி. சனிக்கிழமை வாங்கிடலாம்."

அவ்வளவுதான் பேசிக்கொண்டது. அதற்குமேல் அவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து நொந்துபோனாள். செங்கல்பட்டில் அவள் பிறந்த வீட்டில் பெரிய அண்ணன் உலை பிரித்தபோது யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணி, புதுப் பானையில் ஒரு கை அரிசி போட்டார். அண்ணி அடுப்பை மூட்டினாள், அண்ணன் போய் அண்ணி பக்கம் உட்கார்ந்தான். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் நல்லாருக்கட்டும் என்றாள். பெண்டாட்டி எங்கே உலை வைக்கிறாளோ அங்கேதான் புருஷனுக்குச் சோறு. இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்களா என்ன?

அந்த நாலைந்து நாளும் சௌந்தரிக்குக் கால் தரையில் பாவவில்லை. கேஸ் இணைப்பு மாமியார் பெயரில் ஒன்றுதான். புதிதாகப் பதிந்து வைத்தால் வருவதற்கு வருஷக்கணக்காகும். ரேஷன் மண்ணெண்ணெயும் பற்றாது. விறகு அடுப்புதான் வழி, அதுவும் வீட்டுக்குள் வைக்க முடியாது. கிணற்றடியில் வைத்துக்கொள்ளலாம், மழை வந்தால் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம், அதனால் இரும்பில் வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். முதல் நாள் என்ன சமைப்பது என்றுகூட முடிவு செய்தாகிவிட்டது.

ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே போய் மார்க்கெட்டுக்குப் பின்னால் நிறுத்தினான் வில்பிரட். அங்கே சிட்டிபாபு என்பவர் பழைய தார் டிரம்மையும் தகட்டையும் வெட்டி அடுப்பு செய்து, நடைபாதையில் வரிசையாக அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். சௌந்தரி முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மெல்லிய தகட்டில் செய்தது ஒரு மழைக்காலம் தாங்காது, துருப்பிடித்து உதிர்ந்துவிடும். டிரம்மை வெட்டிச் செய்தது கனமானது, உள்ளே களிமண் பூசியிருந்தது, ஆனால் அது கல்யாண வீட்டுக்காரர்களுக்கு. நடுத்தரமாக ஒன்று இருந்தது. நாலு கால், இரண்டு பக்கமும் பிடி, சாம்பல் விழக் கீழே கம்பிச் சல்லடை, சவுக்குக் கட்டை இரண்டை ஒன்றாகச் செருகலாம் என்கிற அளவுக்கு வாய். கையை உள்ளே விட்டுத் தட்டிப் பார்த்தாள். நல்ல தகடு.

புகை வருமா என்று கேட்டாள்.

"வெறகுன்னா பொகை வரத்தான்க்கா செய்யும்" என்றார் சிட்டிபாபு. "வராதுன்னு எவனாச்சும் சொன்னா அவன் புளுகுறான். வூட்டுக்காரரு மாதிரிதான் இதுவும். கண்ணக் கசக்கினு கூடவே இருக்கணும்."

சௌந்தரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு வில்பிரட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான்.

"எத்தினி பேருக்கு சமைக்கணும்? அத்த சொல்லுக்கா, நானே எடுத்துத் தரேன்."

"ரெண்டு பேருக்கு" என்றாள். சொல்லும்போது கன்னம் சூடானது. பிறகு மூன்றாகும், நாலாகும், அப்போது பெரிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஓடியது.

வில்பிரட் குனிந்து, இருப்பதிலேயே சிறிதான அடுப்பை ஒரு கையால் தூக்கினான். டால்டா டின் உயரம்கூட இல்லை. அவளைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னான்.

"இது போதுமில்ல? ஒரு ஆளுக்கு இது தாராளம்."

சிட்டிபாபு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், அக்கா ரெண்டுன்றாங்க, நீ ஒண்ணுன்றே. மொதல்ல ரெண்டு பேரும் பேசிகினு வாங்க. அடுப்பு எங்கயும் ஓடிப் போவாது."

அவள் எழுந்து, பக்கத்தில் சாத்தியிருந்த ஒரு கடையின் கதவோரம் போய் நின்றாள். அவன் பின்னால் வந்தான். மார்க்கெட் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீங்க எங்க சாப்பிடப் போறீங்க?"

"நீ உனக்குன்னுதானே கேட்ட, சௌந்தரி? உன் இஷ்டத்துக்குச் சமைச்சுச் சாப்பிடணும்னு ஆசைப்படறேன்னு நெனச்சேன். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவங்களும் பாவம், வாங்கிக் குடுன்னுட்டாங்க."

"நீங்க?"

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நல்லவன்தான். குரலை உயர்த்தத் தெரியாதவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருப்பவன்.

"நான் உக்காந்தாத்தான் அவங்களும் உக்காருவாங்க. இருபத்தஞ்சு வருஷமா அப்படி. நான் வரலைன்னா ஒரு பருக்கை தொடமாட்டாங்க. அவங்களைப் பட்டினி போடச் சொல்றியா?"

"அவங்களும் வரட்டும். மூணு பேருக்கு வைக்கிறேன்."

"அவங்க வரமாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். ஊதாச் சேலை தடுத்தது. இவ்வளவு ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்தோமே என்ற வெட்கம். கடைக்குத் திரும்பி நடந்து, நடுத்தர அடுப்பைக் காட்டி, அதையே கொடுங்கள் என்றாள். வில்பிரட் மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தான். தகராறு இதோடு முடிந்ததே என்று அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளைக் குத்தியது.

பின்சீட்டில் அடுப்பை வைத்துக் கட்டினான். சேலையூர்வரை அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக, அவள் பின்னால் நடந்து வந்தாள்.

ஒரு நாள், இரண்டு நாள், மனசு மாறாதா என்றுதான் அவளும் பார்த்தாள். விறகு விற்கிற தொட்டியிலிருந்து காய்ந்த சவுக்காகப் பார்த்து எடுத்துவந்து அடுக்கினாள். கிணற்றடியில் தினமும் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கத்தரிக்காய்க் கொத்சு, இறால் தொக்கு, அவனுக்குப் பிடிக்கும் என்று கேள்விப்பட்டதெல்லாம் அந்தக் கரி பிடித்த சட்டியில் கொதித்தது. வில்பிரட் ரயில் விட்டு வந்து, அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் வருவான். நன்றாக எரிகிறதா என்று கேட்பான். எரிகிறது என்பாள். அவனுக்காக எடுத்து வைத்தது மறுநாள் முனியம்மாவின் தூக்குக்குப் போகும். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா" என்று அந்தப் புண்ணியவதி வேறு சொல்லுவாள்.

முன்பாவது மூன்று பேரும் ஒரே அறையில் சாப்பிட்டார்கள். அவன் டம்ளரில் அவள் தண்ணீராவது ஊற்றினாள். இப்போது அதுவும் இல்லை. தானே கேட்டு வாங்கிய தனிமை என்பதால் யாரிடம் போய்ச் சொல்வது? அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, பாதியிலேயே கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, சோற்றுக்கு உலை ஏற்றியிருந்தாள். முந்தின இரவு தூறியதில் விறகு நனைந்து, புகை சுருண்டு சுருண்டு எழுந்தது. சமையலறைக் கதவு திறந்தது. வில்பிரட் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

"புகை ஜன்னல் வழியா உள்ள வருது. கொஞ்சம் தள்ளி வெச்சுக்க முடியுமா?"

"நீங்க கேக்குறீங்களா, அத்தை கேக்குறாங்களா?"

அவன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு.

"ரெண்டு பேரும்தான்."

அவள் எழுந்தாள். எங்கே வைப்பது என்று கேட்டாள். அவன் கொல்லைக் கோடியில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், மதில் ஓரத்தைக் காட்டினான். எரிகிற அடுப்பைத் தனியாகத் தூக்க முடியாது என்று, கொடியில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்து அவளுக்கு ஒன்று கொடுத்தான். ஆளுக்கொரு பிடியைப் பற்றித் தூக்கினார்கள். பானையில் உலை தளும்பியது. அவள் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கால் வைத்தான். "மெதுவா, மெதுவா" என்றான். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. இவ்வளவு நெருக்கமாக நடந்து எத்தனை மாதம் ஆயிற்று? அந்த மதில் வராமலே இருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

வந்துவிட்டது. இறக்கி வைத்தார்கள். அவன் விரலை ஊதிக்கொண்டே, சரிந்த கட்டையை உள்ளே தள்ளிக் கொடுத்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் இங்க சாப்பிடுங்க" என்றாள் சௌந்தரி. இதுவரை அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. "ஒரே ஒரு வாய். நின்னுகிட்டே சாப்பிட்டாலும் சரி."

அவன் கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

"தட்டு வெச்சுட்டாங்க, சௌந்தரி" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டைப் பார்த்து நடந்தான். கதவு சாத்திக்கொண்டது.

சோறு பொங்கி வழிந்து நெருப்பில் சொட்டியது. அவள் மூடியை நகர்த்தி வைத்து, ஒரு கட்டையை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தாள். வடித்து, ஒரு தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு, மதிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து சமையலறை ஜன்னல் தெரியவில்லை. உள்ளே அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டு சாப்பிடுகிற சத்தமும் அவ்வளவு தூரத்துக்கு வரவில்லை. இடம் மாற்றியதில் அது ஒன்றுதான் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டு, முதல் வாயைப் பிசைந்தாள்.