படிவத்தில் இல்லாத சோதனை

மூன்று ஆம்புலன்ஸ்களை வரிசையாக நிறுத்தி, எதை வாங்கலாம் என்று ஓட்டிப் பார்த்து எழுதும்படி ராக்கெட் என்று பட்டப்பெயர் வாங்கிய டிரைவரிடம் ஒரு படிவத்தை நீட்டியது அலுவலகம். இருபது வருஷமாக ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காத புண்ணியவான்கள் இப்போதாவது கேட்டார்களே! பின்னால் உட்கார்ந்து பார்க்க, எப்போதும் அவரோடு போகிற நர்ஸ் சிஸ்டர் வந்திருந்தார்.

சின்ன வேன் எந்தச் சந்திலும் நுழைந்தது. ஆனால் சிஸ்டர் முதுகு ஒடியக் குனிந்தே வேலை பார்க்க வேண்டும். பெரிய வண்டியில் நிமிர்ந்து நிற்கலாம், சுற்றிலும் கருவிகள். முதல் திருப்பத்திலேயே மூன்று முறை ரிவர்ஸ் எடுத்ததில் ராக்கெட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாவது, கூரை உயர்ந்த நடுத்தர வேன். அதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படிவத்தில் இல்லாத ஒன்றையும் அவர் சோதித்தார். சைரன் அலறும்போது, பின்னாலிருந்து தடுப்புச் சுவரைத் தட்டினால் முன்னால் கேட்கிறதா? இரண்டு தட்டு என்றால் விரட்டு. ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இனி அவசரமில்லை. முன்சீட்டில் நோயாளியின் சொந்தக்காரர் இருப்பாரே, உயிர் போய்விட்டது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

மூன்று வண்டியிலும் சிஸ்டர் இரண்டிரண்டாகத்தான் தட்டினார். ராக்கெட் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்தார்.

"ஒரு தட்டும் தட்டுங்க சிஸ்டர். அதுதான் கேக்கணும்."

"ரெண்டு கேட்டா ஒண்ணு கேக்காதாண்ணே?"

"அன்னிக்குக் கேக்கலையே."

எட்டு மாதத்துக்கு முன், நெஞ்சுவலியில் துடித்த தன் மனைவியைப் பழைய வண்டியில் ஏற்றி, பள்ளம் மேடு பாராமல் விரட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர், உயிர் போய்க் கால் மணி நேரம் ஆகிவிட்டது என்றார். அந்த ஒரு தட்டைக் கோட்டை விட்டுவிட்டோம், போனவளைக்கூட நிம்மதியாகப் படுக்கவிடாமல் குலுக்கிக்கொண்டு வந்தோம் என்பதே அன்றிலிருந்து அவரை அரித்தது.

சிஸ்டருக்குக் கண் கலங்கியது.

"நீங்க கோட்டை விடலண்ணே. நான் தட்டவே இல்ல. பெரிய ரோடு ஏறும்போதே அண்ணி போயிட்டாங்க. நெஞ்ச அமுக்கி அமுக்கிப் பாத்தேன். தட்டக் கையத் தூக்கிட்டேன், மனசு வரல. நீங்க அவ்ளோ நம்பிக்கையா ஓட்டிட்டு இருந்தீங்க."

கோபம் வரும் என்று ராக்கெட்டே நினைத்தார். வரவில்லை. அவர் தட்டாததால் அந்தக் கால் மணி நேரமும் ராக்கெட்டுக்கு மனைவி இருந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்," என்றார். "பெரிய ரோடு ஏறினதும் தட்டிடுங்க."

சைரனைப் போட்டு விரட்டினார். பெரிய ரோடு ஏறியதும் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு தட்டு விழுந்தது. நன்றாகவே கேட்டது.

ராக்கெட் சைரனை அணைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவர் அழுதபடியே, ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி ஒதுக்கி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மெதுவாகவே போனார்.