ஜோதிமணிக்கு ஐந்து நிமிடம்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் எழுதிய ஒரு பொய். 1996இல் மைசூரில் ‘கல்வியில் இனமும் பன்மைத்துவமும்’ என்றொரு கருத்தரங்கு நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவன் நான். ‘அனைத்துத் தரப்பினரின் குரலும் ஒலித்தது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இன்று படித்தாலும் கூசுகிறது.

2

முதல் தொடக்கம்: சாமுண்டி மலைமேல் மேகங்கள் மெல்ல... (வேண்டாம். அரங்கத்தில் ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது: ஆசிரியை ஜோதிமணி தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஹனூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார். இது போதும். அவர் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் பதினொரு பிள்ளைகள். எண்ணிக்கை போதாது, ஜூனில் மூடலாம் என்று பேச்சு. முடிவெடுக்க வேண்டிய அதிகாரி அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“அவரு காதுல விழுந்தாப் போதுமுங்க சார். அஞ்சு நிமிசம் குடுப்பீங்கதானுங்களே?”

“கண்டிப்பா மேடம். புரோகிராம்லயே போட்டிருக்கு,” என்றேன் நான்.

3

வெளிநாட்டுப் பேராசிரியருக்கு நீல அட்டை, உள்நாட்டுப் பேராசிரியர்களுக்குப் பச்சை, ஜோதிமணிக்கு மஞ்சள். மஞ்சள் அட்டைக்காரர்களுக்குச் சாப்பாடு கொல்லைப்புறத்தில்.*

வெளிநாட்டவர், தம் ஊர்ப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்படுவது பற்றி ஒரு மணி நேரம் பேசினார். உருக்கமாகத்தான் இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஜோதிமணியும் கைதட்டினார். அமைப்பாளர் பசவராஜ் அந்தப் பேராசிரியருக்கு நன்றி சொல்லவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

* இது கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் இன்னும் நம்பும்படி எழுதியிருப்பேன்.

4

ஜோதிமணி ஏன் இவ்வளவு சாது என்று எனக்கே சந்தேகம். ஒரு வரைவில் அவரைக் கோபக்காரியாக்கி, மைக்கைப் பிடுங்கி... (அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். “மேடம், டைம் இல்லா. ஒரு தமிழ்ப் பாட்டு பாடிடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்,” என்றார் பசவராஜ்.

“பாட வரலீங்க. பேசத்தான் வந்தனுங்க.”

மேடையேறிக் கன்னடத்தில் பேசினார். அதிகாரிக்குப் புரிய வேண்டுமே! தமிழில் தருகிறேன்: “அடுத்த தமிழ்ப் பள்ளி ஒன்பது கிலோமீட்டர். காட்டு வழி. மூடினால் ஆறு பெண் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அதில் ஒருத்தி...”

மணி அடித்தது.

5

அடித்தவன் யார் என்று எந்த வரைவிலும் எழுதவில்லை. நான்தான். நேரம் பார்ப்பதும் என் வேலை. பேராசிரியர்களுக்கு ஒருமுறைகூட அடிக்கத் துணியாதவன், அவருக்கு ஒன்றரை நிமிடத்தில் அடித்தேன். காவிரிக் கலவரம் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. தமிழன் தமிழச்சிக்குச் சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

முடிவு (அ): அதிகாரி எழுந்து, “அவர் பேசி முடிக்கட்டும்” என்கிறார். (ஆ): மணியைக் காதில் வாங்காமல் ஜோதிமணி தொடர்ந்து...

இரண்டும் நடக்கவில்லை. என்னைப் பார்த்து, “சரிங்க சார்” என்று சொல்லி இறங்கிவிட்டார். அதிகாரி சாப்பிடப் போனார். ஜூனில் பிரிவை மூடினார்கள்.

அந்த ஒருத்தியைப் பற்றி அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. நீங்களே அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள். என்னிடம் விட்டால் மறுபடியும் பாதியில் நிறுத்திவிடுவேன்.